பின் சக்கரத்துக் காற்று

ரராவாய், பா, பீஜி
3.6.1988

மதிப்பிற்குரிய அண்ணியார் ருக்மணி அவர்களின் சமூகத்திற்கு, லீலாவதி பணிவோடு எழுதும் மடல்.

நாங்கள் பயணம் புறப்படுவதற்கு இரு நாள் முன்பு கிடைத்த தங்கள் கடிதத்திற்கு நாற்பத்தொரு நாள்கள் கழித்து விடை எழுதுகிறேன். இத்தாமதத்திற்கு எந்தக் காரணமும் போதுமானதாகாது, பொறுத்தருள வேண்டுகிறேன். ஆக்லாந்தின் குளிர் அண்ணனின் முழங்காலை வருத்துகிறதா? மருத்துவமனைச் சமையற்கூடத்தில் நின்றபடியே வேலை செய்வதாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். கால் வீக்கம் தணிந்ததா? இங்கு நான் நலம். கரும்பு ஆள் உயரம் நிற்கிறது. வெட்டத்தான் ஆள் இல்லை. நம் சாலையில் மட்டும், தங்கள் வீட்டையும் சேர்த்து, ஆறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

சைக்கிள் பயணத்தைப் பற்றி விரிவாக எழுதப் பணித்திருந்தீர்கள். எழுதுகிறேன்.

ஏப்ரல் இருபத்து நான்காம் நாள், ஞாயிறு காலை, நம் அம்மன் கோவிலில் காப்புக் கட்டினோம். நாங்கள் பதினொருவர், எங்களில் நால்வர் பெண்கள். பூசாரி ஏழுமலை என் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். மற்ற பத்துப் பேருக்கும் தலைவி என்ற முறையில் நான் கட்டினேன். கட்டியவர் கையாலேயே அது அவிழ வேண்டும் என்பதும், அவிழும்வரை பொய், புலால், சினம் மூன்றும் கூடாது என்பதும் தாங்கள் அறிந்தவையே. திங்கள் விடிந்ததும் வேப்பிலை சூடிய பித்தளைக் குடம் என் வண்டியின் பின் கேரியரில் ஏறியது. குடம் ஏறிய வண்டியே முன்னால் செல்லும். குடம் தரையைத் தொடாது. தலைநகர் சுவாவின் கோவிலில் இறக்கும்வரை அதுவே எங்கள் சட்டம்.

முதல் நாள் லவுத்தோக்கா, மறுநாள் நாந்தி. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. பேருந்துப் பட்டறை மெக்கானிக் கோவிந்தின் உடல் பருமன் தங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் அவன் இறங்கி வண்டியைத் தள்ளியபடி, “அக்கா, நான் சைக்கிள்ல போறேனா, சைக்கிள் என்மேல போவுதா? அத மட்டும் சொல்லுங்க” என்பான். சினம் கூடாது என்பதால் அனைவரும் சிரித்தோம். சிங்கத்தோக்காவைத் தாண்டியபின் பெருமழை. ஓடை பாலத்தின்மேல் ஏறிவிட்டது. ஒரு பீஜியர் கிராமத்துத் தேவாலயக் கூடத்தில் ஒரு பகல் முழுதும் அடைபட்டோம். அவர்கள் தலோக் கிழங்கும் தேநீரும் கொடுத்தார்கள். குடத்தை வைக்க இடமில்லை என்று நாங்கள் தயங்கியபோது, ஒரு முதியவர் தம் மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை அமர்ந்திருந்தார்.

மறுநாள் கடலோரச் சாலையில் நீண்ட இறக்கம். மிதியிலிருந்து கால்களை எடுத்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், ஒரு கரும்புத் தோட்டத்து விதவை, வாய்விட்டு நகைத்துக்கொண்டு இறங்கினாள் என்றால் நம்புவீர்களா?

மே முதல் நாள், காலை பத்து மணிக்குச் சற்றுப் பின், சுவா அடைந்தோம். அலுவலகங்களில் பணிபுரியும் பெண்கள் பட்டுப் புடவையில் வரிசையாக நின்று வரவேற்றார்கள். எனக்கு மாலை அணிவித்தார்கள். அப்போது எடுத்த படம் இப்பொழுது நம் கோவில் மண்டபத்தில் தொங்குகிறது. இந்நாட்டைவிட்டுச் செல்லாதவர்களாலும் சில காரியங்கள் ஆகும் என்பதைத் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுடன் வந்த தங்கள் தம்பி பல்ராமுக்கு, வழியில் நவுவாவுக்கு அப்பால், ஒரு சிறு தடை நேர்ந்தது. பின்னர் வீடு வந்து சேர்ந்தான்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

தங்கள் நாத்தனார்,
லீலாவதி


ஆக்லாந்து
17.6.1988

லீலா,

நல்லா இருக்கியா? உடம்ப பாத்துக்க. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. உங்க அண்ணனுக்கு முட்டி வலிக்குதுதான், ஆனா குளிருனால இல்ல. வேலைக்குப் போவாம இருக்கறதுக்கு. என் கால் வீக்கம் வடிஞ்சிடுச்சி.

உன்ன மாதிரி எழுத்துத் தமிழ் எனக்கு வராது. ஒரே காலண்டர் தாள வெச்சிதான ரெண்டு பேரும் எழுத்து படிச்சோம்? நீ கவர்னருக்கு எழுதற மாதிரி எழுதற, எனக்கு வாய் பேசறதத்தான் கை எழுதுது. உங்க அண்ணனுக்கு உன் காயிதத்த சத்தமா படிச்சேன். இறக்கத்துல சிரிச்சியாமே, அந்த எடத்துல அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சி. “இந்நாட்டைவிட்டுச் செல்லாதவர்கள்”ன்னு குத்துனியே, அது மட்டும் எனக்குக் கேட்டுச்சி, அவருக்குப் படிக்கல. விட்டுட்டேன்.

இப்ப ரெண்டு கேள்வி. மே ஒண்ணு ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம ஊர்வலம், வெளையாட்டு ஒண்ணும் ரோட்ல கூடாதுன்னு போன வருசம் ஆட்சியப் புடிச்ச பட்டாளத்துக்காரங்க சட்டம் போட்டதுக்கு அப்புறந்தான் நாங்க கப்பலு பிளேனுன்னு ஓடியாந்தோம். சனிக்கெழம சாயந்தரமே சுவா போயிடுவோம்னுதான நீ முன்னாடி எழுதுன? ஞாயித்துக்கெழம எப்பிடி வந்தீங்க?

ரெண்டாவது, என் தம்பிக்கு என்னா தட? எனக்குக் கூடப்பொறந்தவன் அவன் ஒருத்தன். பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திட்டு வந்து வாரம் ஒரு காயிதம் இங்கிலீஷ்ல போடுவான். ஆறு வாரமா ஒண்ணும் இல்ல. சிறு தடன்னா சைக்கிள் கவுந்துச்சா, வயித்தாலப் போச்சா? தெளிவா எழுது.

ருக்மணி


ரராவாய்
20.7.1988

மதிப்பிற்குரிய அண்ணியார் அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்ததறிந்து மகிழ்ந்தேன். சர்க்கரை ஆலை திறந்துவிட்டபடியால் உடனே எழுத இயலவில்லை. என் உடல்நிலையில் குறையில்லை. உறக்கம் மட்டும் குறைவு.

தாங்கள் வினவியவற்றிற்கு விடை. மழையால் ஒரு நாள் இழந்து, சனிக்கிழமை மாலை நவுவாவை மட்டுமே எட்டினோம். ஞாயிறு முற்பகல் சுவா கோவிலில் காப்பு அவிழ்க்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தது. பூசாரியும் பேருந்தில் அங்கு சென்றுவிட்டார். வழிபாட்டிற்குச் செல்வோருக்கு ஞாயிறன்று தடையில்லை என்பது சட்டத்திலேயே உள்ளதால், விடிந்தவுடன் புறப்பட்டோம்.

நவுவாவைக் கடந்து ஒரு பாலத்தருகே ராணுவத்தினர் சிலர் விசாரித்தனர். அச்சமயம் குடம் பல்ராமின் வண்டியில் இருந்தது. என் பின் சக்கரத்தில் காற்று குறைந்திருந்தபடியால் சற்று முன்னர்தான் அதை மாற்றியிருந்தோம். குடம் உள்ள வண்டியே முன்னால் செல்லும் என்பதால், அவனைத் தலைவன் எனக் கருதி நிறுத்திக்கொண்டனர். எங்களைச் செல்லப் பணித்தனர். அவன் நலமாகவே திரும்பினான்.

அறுவடை நெருக்கடியில் அவனை நேரில் சென்று காண வாய்ப்புக் கிட்டவில்லை. பிரசாதம் கொடுத்தனுப்பினேன்.

தங்கள் பணிவுள்ள,
லீலாவதி


ஆக்லாந்து
2.8.1988

லீலா,

நல்லா இருக்கியா? தூக்கம் இல்லன்னு எழுதியிருந்த. எனக்கும் போன வாரத்துலேருந்து இல்ல.

விஷாலி டவுன் கடையிலேருந்து ஃபோன் பண்ணா. தம்பி பொண்டாட்டிக்குத் தமிழ் வராதுன்னு உனக்குத் தெரியும், இந்தியில அழுதா. என் தம்பியத் திங்கக்கெழம சாயந்தரம் வரைக்கும் அடச்சி வெச்சிருந்தாங்களாம். அதுக்கு முன்னாடி, சைக்கிளத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வெயில்ல நில்லுன்னாங்களாம். மூணு மணி நேரம். எறக்குனப்பல்லாம் மொதல்லேருந்து. வலது தோள் எறங்கிப்போச்சி. கரும்பலகையில எழுதறப்ப கை மேல போவலன்னு பசங்க சிரிக்கறாங்களாம். இதத்தான் நலமாகவே திரும்பினான்னு எழுதுனியா? சரி, உனக்கும் தெரியாம இருந்திருக்கும்.

இப்ப முக்கியமானது. நாங்க அவனுக்கு இங்க வர பேப்பர் போட்டிருக்கோம். அதுக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேணும். சட்ட விரோத ஊர்வலத்துக்குத் தலைவர்னு அவன் பேர்ல எழுதி வெச்சிருக்காங்க, அத எடுக்காம சான்று கெடையாதாம். சான்று இல்லாட்டி நியூசிலாந்து கெடையாது. ஸ்கூல்லயும் இந்த வருசம் முடிஞ்சா வேலை சந்தேகம்னு சொல்லிட்டாங்க.

ஒரு வக்கீலக் கேட்டோம். உண்மையில யார் கூட்டிக்கிட்டுப் போனாங்களோ அவங்க ஸ்டேஷனுக்குப் போயி, நான்தான் தலைவர், இவன் கூட வந்தவன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அந்தப் பேர அடிச்சிடுவாங்கன்றார். நீதான லீலா தலைவி? உன்னாட்டம் அழகா எழுத ஊர்லயே ஆள் இல்ல. ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. வயசான பொம்பள, உன்ன என்னா பண்ணிடப் போறாங்க.

ருக்மணி


ரராவாய்
9.9.1988

மதிப்பிற்குரிய அண்ணியார் அவர்களுக்கு,

தங்கள் நலத்தையும் அண்ணனின் நலத்தையும் அம்மன் காத்தருள்வாளாக. பல்ராம் பட்ட துன்பத்தை அறிந்து உள்ளம் நொந்தேன். தாமதத்திற்கு மன்னியுங்கள். லாரி முறை, வெட்டுக் கூலிகள், கோவில் குழுத் தேர்தல் எனப் பணிகள் சூழ்ந்துவிட்டன.

தாங்கள் கேட்டவண்ணம் ஒரு பத்திரம் எழுதி, கோவில் முத்திரையிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். அதன் சாரம் வருமாறு: “மேற்படி பல்ராம் இளமை முதல் ஒழுக்கத்திலும் அடக்கத்திலும் சிறந்தவர். கல்விப் பணியில் பதினோராண்டு அனுபவமுடையவர். வழிபாட்டு நோக்கத்தோடு மட்டுமே மேற்படிப் பயணத்தில் பங்கு கொண்டார். அரசுக்கு விரோதமான எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை என இக்கோவில் மகளிர் குழு உறுதி கூறுகிறது.”

இது போதுமானதாக இருக்கும் என நம்புகிறேன். வக்கீல்கள் பெரும்பாலும் சிறு காரியத்தையும் பெரிதாக்குவர்.

தங்கள்,
லீலாவதி


ஆக்லாந்து
20.9.1988

லீலா,

நலம் விசாரிக்க இன்னிக்கி மனசு இல்ல. கோவிச்சுக்காத.

உன் பத்திரத்த வக்கீல்கிட்ட காட்டினோம். இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு, “ரொம்ப நல்லா இருக்கு, ஆனா இதுல தலைவர் எங்க?”ன்னார். நானும் அதத்தான் தேடினேன். பூமால மாதிரி கட்டியிருக்க. அதுல நீ மட்டும் இல்ல.

இன்னொண்ணு. கோவிந்த் உங்க அண்ணனுக்கு ஒரு காயிதம் போட்டிருக்கான். அவன் யாரையும் குத்தம் சொல்லல. ஒரே ஒரு வரிதான். “நவுவாவுல காலையில பதினோரு சைக்கிளுக்கும் நான்தான் பம்ப் அடிச்சேன், மாமா, சுவாவுல எறங்கறப்பவும் அக்கா வண்டியில காத்து அப்பிடியே இருந்துச்சி.”

பஞ்சர் ஒட்டாத டயர் எப்பிடி லீலா எறங்கி, எப்பிடி ஏறும்? எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. நீ படிச்சவ. சொல்லு.

ருக்மணி


ரராவாய்
28.11.1988

அண்ணி,

இரண்டு மாதங்களாக இக்கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். நலம் கேட்கும் தகுதி எனக்கில்லாவிடினும் கேட்கிறேன்: அண்ணனும் நீங்களும் நலமா?

இன்று காலை காவல் நிலையம் சென்று, பயணத்திற்குத் தலைமை தாங்கியவள் நானே என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். அதைச் செய்தபின்தான் இதை அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். இல்லையேல் இதுவும் இன்னொரு பூமாலையாகிவிடும்.

நடந்தது இது.

சனிக்கிழமை மாலை, நவுவாவில் ஓர் அரிசி வியாபாரியின் கொட்டகையில் தங்கினோம். பல்ராம் என்னிடம் வந்து, “அக்கா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. வம்பு வேணாம். ஒரு நாளு இங்கயே கெடப்போம், திங்கக்கெழம போலாம். அம்மன் காலண்டர் பாக்கறவ இல்ல” என்றான். குறித்த நாளில் காப்பு அவிழாவிட்டால் நோன்பு பழுதுபடும் என்று நான் சொன்னேன். அது பாதி உண்மை. சுவாவில் அந்தப் படித்த பெண்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதே முழு உண்மை. பள்ளி வாசலை மிதிக்காத ஒருத்தி, நாள்காட்டித் தாளிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எழுத்துக் கற்றவள், நாற்பது வயதில் சைக்கிள் பழகியவள், இருநூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்து அவர்கள் முன் இறங்க வேண்டும். திங்கட்கிழமை அவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். என்னைக் காண எவரும் இருக்கமாட்டார்கள்.

“சரி, நீங்க சொன்னா சரி” என்றான்.

விடியும் நேரம் புறப்பட்டோம். ஒரு வளைவில் திரும்பியபோது, இருநூறு கஜம் தொலைவில், பாலத்தின் முனையில் பச்சை நிற ராணுவ வண்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் இன்னும் வளைவைக் கடக்கவில்லை. அதைக் கண்டவர்கள் நானும் எனக்கு அடுத்து வந்த பல்ராமும் மட்டுமே. நான் இறங்கினேன். என் வாய் தானாகப் பேசியது. “தம்பி, என் பின் சக்கரத்தில் காற்று இறங்குகிறது. குடத்தை நீ வாங்கிக்கொள். முன்னால் போ.”

அவன் குனிந்து கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தான். அது கல்லைப் போல் இருந்தது. நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “சரி அக்கா” என்று மட்டும் சொல்லி, கயிற்றை அவிழ்த்துக் குடத்தைத் தன் கேரியரில் கட்டிக்கொண்டு முன்னால் போனான்.

அவர்கள் நிறுத்தினார்கள். “கோன் லீடர் ஹை?” என்று ஒருவன், தலைவர் யார் என, இந்தியில் கேட்டான். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கைப்பிடியில் இருந்த மணியைப் பார்த்தேன். “ஹம்” என்றான் பல்ராம். நான்தான் என்றான்.

அவனை நிறுத்திவிட்டு எங்களைப் போகச் சொன்னார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: “அக்கா, குடம் கீழ படக்கூடாது.” ஓர் இளம் சிப்பாய் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடத்தை அவிழ்த்து இரு கைகளாலும் என்னிடம் நீட்டினான். வாங்கினேன். வாங்கி, காற்று இல்லை என்று நான் சொன்ன அதே சக்கரத்தின் மேல், பல்ராமின் கண்ணெதிரே, கட்டினேன். நான்குமுறை சுற்றி, முடிச்சிட்டு, இழுத்துப் பார்த்துக் கட்டினேன். நாற்பது கிலோமீட்டர் மிதித்தேன். பின்னால் ஒன்பது பேர். கோவிந்துகூட மேட்டில் இறங்கவில்லை.

சுவாவில், பதினோராமவர் எங்கே என்று கேட்டார்கள். உடல்நலமின்றி நவுவாவில் தங்கிவிட்டார் என்றேன். அப்போது காப்பு என் கையில் இருந்தது. அதன் பின்தான் ஏழுமலை அதை அவிழ்த்தார்.

சென்ற வாரம் மோகினியிடம் போனேன். பயணத்தில் வந்த பெண். டவுன் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். நான் தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கித் தரச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் வாய்விட்டுப் படிக்க, அவள் எழுதிக்கொண்டாள். மூன்று பக்கம். “ஆன்ட்டி, இதெல்லாம் வேணாம். ஐ வாஸ் த லீடர், அது போதும்” என்றாள். அவ்வாறே நான்கு சொற்கள் எழுதினாள்.

அந்த நான்கு சொற்களுக்கு நான் எவ்வளவு அஞ்சினேன் என்று தங்களுக்குத் தெரியாது. அதிகாரி தாளைப் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சைக்கிள்? தும்?” சைக்கிளா, நீயா என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். மாலை நான்கு மணிவரை பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு, “வீட்டுக்குப் போங்க அம்மா, இனிமே ஞாயித்துக்கெழம ஓட்டாதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். பாலத்தருகிலும் ஒருவேளை அவ்வளவுதான் நேர்ந்திருக்கும். வயதான பெண்ணைச் சைக்கிள் தூக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பல்ராமின் பெயரை அடிப்பதாகச் சொன்னார்கள். அதற்குரிய தாளின் எண்ணை இத்துடன் எழுதியிருக்கிறேன்.

லீலாவதி


ரராவாய்
10.1.1989

அண்ணி,

நலமறிய விரும்புகிறேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசையில் அனைவர் முன்னும் சொல்லிவிட்டேன். இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். மாலையணிந்த என் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னேன். பூசாரி ஏழுமலை சங்கடப்பட்டார். “எடுத்தா செவுத்துல சதுரமா கற தெரியுமேம்மா” என்றார். தெரியட்டும் என்றேன். தெரிகிறது.

பல்ராமுக்குச் சான்று கிடைத்துவிட்டதாக மோகினி சொன்னாள். அவன் வீடு வரை இருமுறை சென்று, வாசலில் விஷாலியைக் கண்டு திரும்பினேன். “தீதி, ஊ சோவே ஹை” என்றாள். உறங்குகிறானாம். காலை பத்து மணி.

லீலாவதி


ஆக்லாந்து
19.2.1989

லீலா,

நாங்க இருக்கோம். நீ எப்பிடி இருக்க?

என் தம்பி போன செவ்வாக்கெழம குடும்பத்தோட வந்து எறங்கிட்டான். எளச்சிட்டான். இங்க தோளுக்கு டாக்டர் பாக்கறார். பாதி கை தூக்கலாம்னு சொல்றார்.

உன் காயிதத்த ரெண்டு மாசம் அலமாரில வெச்சிருந்தேன். அவன் வந்தப்புறம் படிச்சிக் காட்டினேன். தமிழ் கேட்டாப் புரியும் அவனுக்கு. கட்டவெரலால டயர அமுக்கற எடம் வந்தப்ப, “போதும் அக்கா”ன்னான். “அன்னிக்கே தெரியும். நான் தெரிஞ்சிதான் போனேன்”ன்னான். ஏண்டா போனன்னு கேட்டேன். “அவங்க கை நடுங்கிச்சி. குடம் விழுந்துடும்னு நெனச்சேன்”ன்னான்.

இன்னொண்ணு சொல்லணும். ஏர்போட்ல அவன் கையப் பாத்தேன். காப்புக் கயிறு அப்பிடியே இருக்கு. மஞ்சளெல்லாம் போயி சாக்குநூல் மாதிரி கருத்துப் போச்சி. டாக்டர் வெட்டப் போனாரு, இவன் கைய இழுத்துக்கிட்டான். ஏன்டா, பத்து மாசம் ஆச்சேன்னேன். “கட்டுனவங்கதான அவுக்கணும்?”ன்னான். நீ மத்த ஒன்பது பேருக்கும் அவுத்துட்ட. அவனுக்கு அவுக்கல. உனக்கு அது நெனப்பிருந்துச்சா?

அது பக்தியா, கோவமா, எனக்குத் தெரியல. அவனும் சொல்லல.

நீ ஸ்டேஷனுக்குப் போனது நல்லது. அதனாலதான் வந்தான். ஆனா நான் இன்னும் மன்னிக்கல லீலா. மன்னிச்சா எழுதறேன்.

ருக்மணி


ரராவாய்
6.3.1989

அண்ணி,

பல்ராம் வந்து சேர்ந்தான் என்பதை அறிந்தேன். அவன் தோள் குணமாகட்டும். உங்கள் காலையும் அண்ணனின் முழங்காலையும் கவனித்துக்கொள்ளுங்கள். நான் நலம்.

நினைவிருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. சுவா கோவிலில் ஒன்பது கயிறுகளை அவிழ்த்துத் தட்டில் இட்டபோது, ஏழுமலை எண்ணிப் பார்த்து, “பத்து வரணுமேம்மா” என்றார். நான் கேளாதவள்போல் கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். முன் கடிதத்தில் இதை எழுதவில்லை. அனைத்தையும் எழுதிவிட்டதாக எண்ணிக்கொண்டு, இதை மட்டும் எனக்கென்று மறைத்து வைத்திருந்தேன்.

இவ்வாண்டும் பயணம் உண்டு. மோகினி தலைமை தாங்குகிறாள். என்னை யாரும் அழைக்கவில்லை, அழைத்திருந்தாலும் போயிருக்கமாட்டேன். கோவிந்த் மட்டும் ஒரு நாள் வந்து என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, “ரெண்டு டயரும் செத்துக் கெடக்குதே அக்கா” என்றான். நான் காற்றடிக்கவில்லை என்றேன். அவனே பம்ப் எடுத்து அடித்துவிட்டுப் போனான்.

நாட்டைவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் பேசியதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். சென்ற வாரம் சுவா சென்று கடவுச்சீட்டுக்கு மனுக் கொடுத்தேன். அங்கே குடியேறுவதற்கு அல்ல. ஒரு வாரம் போதும்; ஒரு நிமிடமும் போதும். நியூசிலாந்துக்குரிய படிவத்தில், பயணத்தின் நோக்கம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. “கயிறு அவிழ்க்க” என்று எழுதச் சொன்னேன். படிவத்தை எனக்காக நிரப்பிய மோகினி, “உறவினரைக் காண” என்று எழுதினாள்.

ஆனால் அவன் கையை நீட்டுவானா என்று எனக்குத் தெரியவில்லை. நீட்டமாட்டேன் என்றால் அது அவன் உரிமை, நான் வரமாட்டேன். உங்களை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அவனிடம் இதை மட்டும் கேளுங்கள்: நான் வந்து அவிழ்க்கலாமா? ஆம், இல்லை, எதுவானாலும் சரி.

விரைவில் பதில் எழுதுங்கள்.

லீலா